பகலில் காற்று எந்தப் பக்கம்

இதில் ஒருவருடைய பெயரும் வராது. ஒரு வருடம் முழுக்கப் பெயர்களை மனப்பாடம் பண்ணிப் பண்ணி எனக்கு வெறுத்துப்போய்விட்டது. எதைக் கண்டுபிடித்தவர் யார், எந்த மலையில் முதலில் ஏறியவர் யார், எந்த ராசாவை எந்த ராசா துரத்தினார் என்று அரிசி கழுவும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆகவே உலகத்துப் பெரிய மனிதர்களுக்கும் இங்கே பெயர் இல்லை, என் சிநேகிதிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஊர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

எனக்கு முப்பத்தைந்து வயது முடிய எட்டு மாதம் இருந்தது. அதைத் தாண்டினால் அரசாங்க வேலைக்கான அந்தப் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட ஏலாது. ஏற்கெனவே இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் பொது அறிவில் விழுந்திருந்தேன். நுண்ணறிவுப் பகுதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எண்களை வரிசையாகத் தந்து அடுத்தது என்ன என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பொது அறிவில்தான் வழுக்கிக்கொண்டு போகும். நான் சம்பூர்க்காரி. இதையெல்லாம் படிக்க வேண்டிய வயதில் நாங்கள் இடம்பெயர்ந்து முகாம் முகாமாகத் திரிந்தோம். அங்கே தண்ணீர் பவுசர் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் பொது அறிவு. பிறகு கல்யாணம் கட்டிப் பாலையூற்றுக்கு வந்தேன், பிள்ளை பிறந்தது, வயது ஓடிவிட்டது. இந்த மூன்றாம் தரம் விட்டால் அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் வாசலில் நிற்க வேண்டியதுதான். கந்தோருக்கு உள்ளே ஒரு கதிரையில் நான் இருக்க வேண்டும் என்பது ஒரு வெறியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடை மாடியில் வகுப்பு. கீழே பலசரக்கு, மேலே நாங்கள் நாற்பது பேர், நடுவில் கருவாட்டு மணம். படிப்பிக்கிற சேர் என்னைவிட ஆறு வயது இளையவர். முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினவர் என்பதால் எங்களைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் பாவமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும்.

மூன்றாவது கிழமையோ என்னவோ, அவர் ஒரு கேள்வியைப் போட்டார். உலகத்து இயற்கைத் துறைமுகங்களில் எங்கள் திருகோணமலைத் துறைமுகம் எத்தனையாவது. போட்ட பிறகுதான் ஏன் போட்டோம் என்று நினைத்திருப்பார். ஒருவர் எழும்பி இரண்டாவது என்றார், அவருடைய வாப்பா சொன்னதாம். இன்னொருவர் மூன்றாவது என்றார், வானொலியில் கேட்டதாம். ஒரு பிள்ளை ஐந்தாவது என்று புத்தகத்தை விரித்துக் காட்டியது. பெரியதில் இரண்டாவதா, ஆழத்தில் இரண்டாவதா என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. நான் பொறுக்க மாட்டாமல் எழும்பிவிட்டேன்.

"நான் பிறந்த நாளிலயிருந்து அது ரெண்டாவதுதான். இப்ப யார் அதை அஞ்சாவதா இறக்கினது?" என்று கேட்டேன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கதைக்கத் தொடங்கிவிட்டது. சேர் மேசையில் தட்டினார். "நாலு விடை தருவினம். அதில எந்த நம்பர் இருக்குதோ அதைப் போடுங்கோ. ரெண்டு நம்பர் இருந்தா கடவுள் விட்ட வழி" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்குப் பின்னால் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பி முறைத்தேன்.

"கோவிக்காதீங்கக்கா. எங்கட கிண்ணியாவில அது முதலாவது" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் சிநேகிதமானோம். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவர் கட்டாரில், இரண்டு பிள்ளைகள், வீட்டில் மாமி. ஏ.எல். பரீட்சை நன்றாகச் செய்தவள், கல்யாணத்தோடு கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். வேலைக்குப் படிக்கிறது மாமிக்கு அவ்வளவு பிடித்தமில்லை. பிள்ளைகளை யார் பார்க்கிறது என்பது மாமியின் கேள்வி, அது எந்தப் பரீட்சைக்கும் வராத கேள்வி என்று இவள் சொல்வாள்.

இரண்டு பேருக்கும் இருந்து படிக்க நேரம் இல்லை, ஆனால் காது சும்மாதான் இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். ஆகவே பாடத்தைப் பங்கு பிரித்தோம். சரித்திரமும் பெரிய ஆட்களின் வாழ்க்கையும் அவளுக்கு, புவியியலும் விஞ்ஞானமும் எனக்கு. காலையில் ஆளுக்கு இருபது கேள்வி, வட்ஸ்அப்பில் குரல் பதிவாக. பின்னேரம் அதே ஒழுங்கில் இருபது விடை, இன்னொரு பதிவாக. இடையில் பகல் முழுவதும் குசினியில் நின்றபடி நாங்களே யோசித்துக்கொள்ள வேண்டும். கொப்பியும் இல்லை, பேனையும் இல்லை.

அவளுடைய பதிவுகள் ஒரு தனிச் சுகம். பின்னால் தேங்காய் துருவும் சத்தம், கோழி, பாங்கு, மாமி யாரையோ கூப்பிடும் சத்தம், நடுவில் இவள் உலகத்துப் பெரிய மனிதர்களைப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிச் சொல்வாள். "அந்த மனுசி பாவம்க்கா. பௌதிகத்துக்கும் எடுத்து, இரசாயனத்துக்கும் எடுத்து, ரெண்டு நோபல் பரிசு. கடைசியில அந்த ரேடியம் வேலைதான் அவவ முடிச்சிட்டு." பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கிழவனுக்காக ஒரு நாள் முழுக்கக் கோபப்பட்டாள். "உண்மையச் சொன்னதுக்கு மனுசன வீட்டுக்குள்ளயே வச்சிப் பூட்டிட்டானுகள், பாத்தீங்களா?" கொட்டியாரக் குடாவில் கப்பலால் இறங்கி, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, வருடக்கணக்காக மலைநாட்டில் கிடந்து தப்பிய வெள்ளைக்காரனின் கதையை மூன்று பதிவாக அனுப்பினாள். மூன்றாவது பதிவு முழுக்க, அவன் அங்கே என்ன சாப்பிட்டிருப்பான் என்பதுதான். பரீட்சைக்கு அது வராது, ஆனால் எனக்கு அவனை இன்றைக்கும் மறக்காது.

நான் சொல்வது பொலிஸ் அறிவித்தல் மாதிரி இருக்கும் என்று என் கணவர் சொல்வார். "இலங்கையின் மிக நீளமான நதி மகாவலி. அது கடலோடு சேருமிடம் கொட்டியாரக் குடா. அடுத்தது. மிகச் சூடான கோள் வெள்ளி. அடுத்தது." இந்த அடுத்தது என் வாயில் தானாக வரும். கணவர் ஓட்டோ ஓடுகிறவர். சாப்பிட வரும்போது இரண்டு பேருடைய பதிவுகளையும் கேட்டுக் கேட்டு, எங்களைவிட அவர்தான் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். உப்புவெளிக்குப் போகும் வெள்ளைக்காரரிடம் நீலத்திமிங்கிலத்தின் நாக்கு ஒரு யானைப் பாரம் என்று கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்துவாராம். அவர்கள் திமிங்கிலத்தை விட்டுவிட்டு யானையைத் தேடத் தொடங்குவார்களாம்.

இனி அந்தக் காற்றுக் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது பழைய வினாத்தாள்களின் போட்டோ கொப்பி. கொப்பி அடித்தவன் தாளைக் கோணலாக வைத்திருக்கிறான், வலது ஓரத்தில் இருந்த விடைகள் பாதிப் பக்கங்களில் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. வெட்டுப்பட்டதை எல்லாம் நான் தேடி, கேட்டு, உறுதிப்படுத்தித்தான் அவளுக்குச் சொல்வேன். அந்த ஒன்றை மட்டும் தேடவில்லை. கரையோரத்தில் பகல் வேளையில் தரையும் கடலும் சூடாகும் வேறுபாட்டால் காற்று எங்கிருந்து எங்கே வீசும் என்பது கேள்வி.

இதுக்கும் புத்தகமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவள் நான். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் உச்சி வெயிலில் வயல் பக்கமிருந்து சுடச்சுடக் காற்று வரும், கொடியில் கிடக்கும் உடுப்பு எல்லாம் கடலைப் பார்த்துத்தான் பறக்கும். ஒரு தரம் அம்மாவின் நூல்சேலை கொடியை விட்டு எழும்பி, வேலியைத் தாண்டி, நேரே கடலில் போய் விழுந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தார். கண்ணால் கண்டதை விடவா? ஃபோனை எடுத்துச் சொன்னேன்: "பகலில் தரையிலிருந்து கடலுக்கு. இரவில் கடலிலிருந்து தரைக்கு. அடுத்தது."

வழமையாக என் விடைகளுக்கு அவளிடமிருந்து ஒரு பாட்டம் கதை வரும். அன்றைக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. வேலையாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது அது நடந்தது. அவள் காலையில் இருபது கேள்வி அனுப்பியிருந்தாள், எல்லாம் கலந்து, மீட்டல் மாதிரி. பின்னேரம் விடைகள் வந்தன. நான் மீன் கழுவிக்கொண்டே கேட்டேன். இன்சுலின் சுரப்பது நியூசிலாந்து. இன்சுலின் சுரப்பது நியூசிலாந்து. கணவர் சோற்றுக் கோப்பையோடு இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கேயோ நடுவில் ஒரு விடையை விட்டுவிட்டாள், அதற்குப் பிறகு எல்லாம் ஒரு படி முந்திப் போய்விட்டன. பின்னால் மாமி கூப்பிடும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான் விட்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் எனக்கு ஆத்திரம் பத்திக்கொண்டு வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்குப் பூட்டு இல்லை. மீன் கையோடு ஃபோனை எடுத்தேன்.

"ஒரு வேலையை ஒழுங்காச் செய்ய ஏலாதா உங்களுக்கு? எனக்கு இது கடைசி. உங்களுக்கு விளையாட்டு. மாப்பிள்ளை கட்டாரில இருந்து அனுப்ப இருந்து சாப்பிடுற ஆளுக்கு இந்த வேலை எதுக்கு?"

அனுப்பிவிட்டேன். அனுப்பின கையோடு, அந்தக் கடைசி வசனம் கூடிப்போய்விட்டது என்று தெரிந்தது. ஆனால் அவள் கேட்டுவிட்டாள். எப்படிக் கேட்டாள் என்பதுதான் மோசம். அவளும் என்னைப் போலத்தான், ஃபோனைக் குசினித் தட்டில் வைத்து, சத்தமாகப் போட்டுவிட்டு வேலை செய்வாள். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து வந்தது, சத்தமே இல்லாத குரலில்.

"அக்கா, மாமியும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நானும் இதத்தானே சொன்னன் எண்டு கேக்கிறா. நான் என்னண்டு சொல்ற?"

அந்த இடத்தில் மனிசராப் பிறந்த யாரும் மன்னிப்புக் கேட்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் எனக்கு இன்னும் கோபம் கூடும், அது என் பிறவிக் குணம். அவளுடைய இலக்கத்தைத் தடுத்து வைத்தேன். அப்படிச் செய்தால் அவள் எத்தனை அனுப்பினாலும் என் ஃபோனுக்கு ஒன்றும் வந்து சேராது. பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம், இப்போது படிப்புத்தான் முக்கியம் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

மூன்று கிழமை தனியாகப் படித்தேன். வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. "எங்கை அந்தக் கிண்ணியா வானொலி?" என்று கணவர் ஒரு நாள் கேட்டார். "பழுது" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனார்.

பரீட்சை டவுனில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில். ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். வாசலில் ஆட்கள் குவிந்திருந்தார்கள், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு தாள். டவுனில் திரியும் மான் ஒன்று மதிலோரம் வந்து ஒரு பெடியனின் குறிப்பை அப்படியே வாயில் கவ்வி மென்றது. அவன் பறிக்க, அது விடாமல் இழுக்க, சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். அது என்ன பாடம் தம்பி என்று யாரோ கேட்டார்கள். ஐரோப்பியர் காலம் என்றான் அவன். எனக்குப் பயமெல்லாம் கொஞ்சம் இறங்கியது.

அப்போதுதான் அவளைக் கண்டேன். வேப்பமரத்தடியில் நின்றாள், என்னையே பார்த்துக்கொண்டு. ஒரு அடி முன்னுக்கு வைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிய பக்கத்தில் ஒரு பிள்ளை கொப்பியைப் பிடித்துக்கொண்டு உரத்து வாசித்துக்கொண்டிருந்தது. "பகல், கடலிலிருந்து தரைக்கு. இரவு, தரையிலிருந்து கடலுக்கு."

"அது மாறியெல்லோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா, இஞ்ச பாருங்கோ" என்று கொப்பியைத் தந்தது.

ஒரு தரம் வாசித்ததும் விளங்கிவிட்டது. வெயிலில் தரைதான் கெதியாகச் சூடாகும். சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். சோளகம் வேறு, அது பருவக்காற்று. அது பலமாக அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கத்தில் இந்தக் கடற்காற்றைத் தலைதூக்க விடாது. நான் சேலை பறந்த திசையைப் பார்த்து உலகத்துக்கே விடை எழுதியிருக்கிறேன். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அவள் அதே மரத்தடியில் நின்றாள். போய், பகல் காற்றை மாற்றிப் போடுங்கள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். போகவில்லை. மறந்துபோனேன் என்றோ, நேரம் போதவில்லை என்றோ எழுதலாம், ஆனால் அது பொய். சொல்வதென்றால் நான் பிழை விட்டதை ஒத்துக்கொள்ள வேண்டும், அதோடு அந்த மீன் கையோடு சொன்ன கதைக்கும் பதில் சொல்ல வேண்டும். அது ஒரு காரணம். மற்றக் காரணம் இன்னும் அசிங்கமானது. எங்கள் மாவட்டத்துக்கு இருந்ததோ விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். அவள் ஒரு கேள்வி பிழை விட்டால் நான் ஒரு கேள்வி முன்னுக்கு. எனக்குக் கடைசித் தரம், அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது, நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மணி அடித்தது.

அந்தக் கேள்வி வந்தது. கடலிலிருந்து தரைக்கு என்பதற்குக் கீழே கோடு கீறிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வரிசைக்கு முன்னால் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு கேள்விகளையும் என்னவென்று வாசித்தேனோ தெரியாது. முடிந்ததும் யாரையும் பார்க்காமல் வெளியே வந்து ஓட்டோவில் ஏறினேன். "எப்பிடி?" என்றார் கணவர். "எடுங்கோ, வீட்டை போவம்" என்றேன்.

மாதங்கள் கழித்துப் பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளி எதுவோ அதே புள்ளி எனக்கு. ஒரு கேள்வி பிழைத்திருந்தாலும் போயிருக்கும். வகுப்புக்காரரின் வட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தனியாகத் தடுத்து வைத்த ஆள் குழுவில் எழுதினால் தெரியும். அவளும் எழுதியிருந்தாள். "எனக்கு ஒரு புள்ளியால போச்சு. எடுத்த எல்லாருக்கும் வாழ்த்துக்கள்."

ஒரு புள்ளி. அது எந்தப் புள்ளி என்று எனக்குச் சாத்திரம் கேட்கத் தேவையில்லை.

கணவர் கேக் வாங்கிவந்து, ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி, பெரிய ஆரவாரம். நான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், வாசலில் நின்றது வரைக்கும். அவர் கேக் பெட்டியை மூடினார். "அப்ப அங்கை போய்ச் சொல்லும். என்னட்டைச் சொல்லி என்ன வரப்போகுது?" என்றார்.

அடுத்த ஞாயிறு அவருடைய ஓட்டோவிலேயே கிண்ணியாவுக்குப் போனோம். பாலத்தைக் கடக்கும்போது வழமையாக இதுதான் நாட்டிலேயே நீளமான பாலம் என்று சொல்லுகிற மனிசன், அன்றைக்கு வாய் திறக்கவில்லை. சந்தியில் ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார். நான் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தது அவள்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தினாள். "மாமி, இவதான் அந்த அக்கா, பாஸ் பண்ணினவ" என்றாள். மாமி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தா. குரலை வைத்து என்னை அவவுக்கு நன்றாகத் தெரியும். தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனா. எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடக் கூச்சமாக இருந்தது.

"தங்கச்சி, முதல்ல நான் அண்டைக்குக் கதைச்ச கதைக்கு என்னை மன்னிக்கோணும்" என்றேன். "அதோட, அந்தக் காத்துக் கேள்வியை நான்தான் பிழையாச் சொல்லித் தந்தனான். உங்கட ஒரு புள்ளி என்னாலதான் போனது."

"எந்தக் காத்து?" என்று யோசித்தாள். பிறகு சிரித்தாள். "அதா? அத நான் சரியாத்தான் போட்டன்க்கா. நீங்க சொன்ன அண்டைக்கே மகன்ட விஞ்ஞானப் புத்தகத்தில பாத்திட்டன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் ஏறிவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்த வாயால்.

"இதுக்குத்தான்" என்றாள்.

நான் அடங்கிப்போனேன். அவள் ஃபோனை எடுத்து விரலால் தட்டிக்கொண்டே சொன்னாள். "ஆனா பிறகு மனம் கேக்கல்ல. கோவத்தில சொல்லாம விட்டா அக்காட கடைசிச் சோதினை போயிடுமே எண்டு, சோதினையண்டு காலையில பாலத்தில பஸ்ஸுக்குள்ள இருந்து அனுப்பினன். நீங்க கேட்டுத்தான் சரியாப் போட்டிருப்பீங்க எண்டு நினைச்சன். இப்ப பாத்தா, ஏனோ தெரியா, இன்னும் ஒரு டிக்தான் கிடக்கு, போய்ச் சேரல்ல போல." ஃபோனை மேசையில் வைத்து அந்தப் பதிவைப் போட்டாள். பஸ் இரையும் சத்தம். அதற்கு மேலால் அவளுடைய குரல்.

"அக்கா, கோவத்த சோதினை முடிஞ்சாப் பிறகு வச்சிக்குவம். அந்தக் காத்துக் கேள்வி மாறிப்போச்சி. பகல்ல கடல்ல இருந்து தரைக்கு. மறக்காமப் போடுங்க. பயப்படாதீங்க, நீங்க எடுப்பீங்க."

அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளுடைய புள்ளி என்னால் போகவில்லை, மன்னிப்பும் கேட்டாயிற்று, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிவைக் கேட்ட பிறகு அப்படி வர என்னால் ஏலவில்லை.

"அது எனக்கு வந்து சேரேல்லை. உங்கட நம்பரை நான் தடுத்து வச்சிருந்தனான்" என்றேன். "நான் சரியாப் போட்டது வேற ஆளாலை. வாசல்ல ஒரு பிள்ளை வாசிச்சுக்கொண்டு நிண்டது, அதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது."

"வாசல்லயா?" என்றாள். "உள்ளுக்குப் போக முதலா?"

"ஓம்."

"நான் மரத்தடியில நிண்டன்."

"ஓம். கண்டனான்."

"பத்தடி இருக்குமா?"

"அவ்வளவும் இல்லை."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஃபோனை மேசையிலிருந்து எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தாள். எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவும் கை வரவில்லை. அழாதீங்க என்று அவள் சொல்லுவாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. உள்ளே மாமி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

"எனக்கு இன்னும் ரெண்டு தரமாவது எழுதலாம்க்கா" என்றாள் கடைசியில். "புவியியலும் விஞ்ஞானமும் நீங்கதான் சொல்லித் தரணும்."

"தருவன். கட்டாயம் தருவன்" என்றேன்.

"இப்ப நான் உங்களுக்குப் போட்டி இல்லத்தானே. இனிச் சரியாச் சொல்லித் தருவீங்க."

சிரிக்காமல்தான் சொன்னாள். நான் ஓம் என்றேன்.